சுவரை விட்டு வந்த அலமாரி

திருவேற்காட்டில் எங்கள் தெருவில் இந்த ஓர் ஆண்டில் மட்டும் மூன்று வீடுகளில் சமையலறையைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களிலும் இதே காட்சிதான். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழும்பிய வீடுகள் இப்போது புதுப்பிக்கப்படுகின்றன. பிரிக்கும்போது பழைய அலமாரிகள்தான் முதலில் வாசலுக்கு வரும். பிறகு பழைய சாமான் வண்டியில் ஏறும். இல்லையேல் ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டு அலமாரி கொட்டகைக்குப் போயிற்று. சமையல் மேடைக்கு அடியில் இருந்த பெட்டி அது. அகலம் 90 செ.மீ., உயரம் 85 செ.மீ., ஆழம் 60 செ.மீ. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகன் அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, முன் விளிம்பில் ஒரு வைஸைப் பொருத்தினான். பட்டறை மேசை தயார் என்று அறிவித்தும் விட்டான். நான்காவது நாள், வைஸில் ஒரு சட்டத்தைப் பிடித்து இழைப்புளியால் இழைத்துக்கொண்டிருந்தபோது அலமாரி முனகியது. பிறகு மெள்ள இடப்பக்கம் சாய்ந்து, சாய்சதுரம் போல் நின்றது. நல்லவேளை, கால் மேல் விழவில்லை.

"சித்தப்பா, இத்தனை வருஷம் அண்டா, குக்கர், அரிசி டின் எல்லாத்தையும் தாங்கிச்சே! ஒரு வைஸைத் தாங்காதா?" என்றான்.

புதுச் சமையலறை வேலைக்கு வந்திருந்த ஆசாரி அதைப் பார்த்துச் சிரித்தார். "அது சுவத்தாலே நின்னுது தம்பி, தன்னாலே இல்லே" என்றார்.

இந்த ஒரு வரிக்குள் இயந்திரவியல் பாடம் ஒன்று முழுதாக அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

தீப்பெட்டிச் சோதனை

ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சிகள் உள்ள தட்டை வெளியே இழுத்துவிடுங்கள். கையில் மிஞ்சியது இருபுறமும் திறந்த மேலுறை. அதை மேசை மேல் நிறுத்தி, உச்சியில் ஒரு புத்தகத்தை வையுங்கள். தாங்கும். இப்போது புத்தகத்தை எடுத்துவிட்டு, மேல் விளிம்பை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். உறை உடனே சரிந்து படுத்துவிடும். ஒரு பக்கமும் உடையவில்லை, கிழியவில்லை. மூலைகள் மட்டும் மடங்கின. செவ்வகம் இணைகரமாயிற்று.

அடுத்து, திறந்த ஒரு வாயின் மேல் சிறு காகிதத் துண்டை நான்கு ஓரமும் பசை தடவி ஒட்டுங்கள். உலர்ந்தபின் மறுபடியும் தள்ளுங்கள். மெல்லிய காகிதம்தான், ஆனாலும் உறை இப்போது எளிதில் சரியாது!

ஏன் இப்படி? நான்கு சட்டங்களை மூலைக்கு ஒரு ஆணி அடித்துச் செவ்வகமாக்கினால், சட்டங்களின் நீளம் மாறாமலே அதன் உருவம் மாறலாம். மூன்று சட்டங்களால் ஆன முக்கோணத்தில் அது முடியாது. ஒரு பக்கத்தின் நீளம் மாறினாலன்றி முக்கோணத்தின் கோணம் மாறாது என்பதை வடிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். செவ்வகத்துக்குக் குறுக்கே ஒரு மூலைவிட்டச் சட்டம் வைத்தால் அது இரண்டு முக்கோணங்களாகிவிடும். முதுகில் ஒட்டிய காகிதமும் அதே வேலையைத்தான் செய்கிறது. செவ்வகம் சரிய வேண்டுமானால் காகிதத்தின் ஒரு மூலைவிட்டம் நீள வேண்டும். காகிதம் நீள மறுக்கிறது. மின்கம்பிக் கோபுரங்களிலும் ரயில் பாலங்களிலும் குறுக்குச் சட்டங்கள் நிறைந்திருப்பது இதற்காகவே.

இப்போது எங்கள் அலமாரியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கதவுகள். பின்பக்கம் ஒன்றுமே இல்லை! சமையலறையில் பின்னால் செங்கல் சுவர் இருந்ததால் தனியாக முதுகுப் பலகை வேண்டியிருக்கவில்லை. பக்கப் பலகைகள் சுவரில் திருகப்பட்டிருந்தன. மேலே கல் மேடை அழுத்திக்கொண்டிருந்தது. அலமாரியின் ஐந்தாவது பக்கம் சுவர்தான். பிரித்தெடுத்தபோது அந்தப் பக்கத்தை நாங்கள் சமையலறையிலேயே விட்டுவிட்டோம். தொழிற்சாலையில் செய்து வரும் பெட்டிகளில் முதுகு உண்டு. பல பெட்டிகளில் அது 3 மி.மீ. தகடாகவே இருக்கும், அதுவும் காடியில் செருகியிருக்குமே தவிரத் திருகியிருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அண்டாவும் அரிசி டின்னும் நேர் கீழ்நோக்கி அழுத்துபவை. அந்தச் சுமையை நிமிர்ந்து நிற்கும் பக்கப் பலகைகள் சுலபமாகத் தரைக்குக் கடத்தும். இழைப்புளியோ பக்கவாட்டில் தள்ளுகிறது. தாங்குவது வேறு, தள்ளுதலைத் தடுப்பது வேறு. முன்னதை மட்டும் பார்த்து முடிவு செய்ததுதான் எங்கள் பிழை. அவனுடைய பிழை என்று முதலில் சொல்ல நினைத்தேன். வைஸைப் பொருத்தத் துளை போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

பரிகாரம் எளிது. பழைய பிளைவுட் துண்டு ஒன்றை, 6 மி.மீ. தடிப்புப் போதும், முதுகின் அளவுக்கு அறுத்து ஓரம் முழுவதும் சுமார் 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி வீதம் முடுக்க வேண்டும். முதுகை மூடும் முன் மூலைக்கு மூலை அளந்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோணல் இருக்கும்போது மூடினால் அந்தக் கோணலே நிலைத்துவிடும். பிளைவுட் கிடைக்காவிட்டால் ரீப்பர் கட்டை ஒன்றையோ பட்டை இரும்பையோ குறுக்கே மூலைவிட்டமாகப் போடலாம்.

கவிழ்தல் என்பது வேறு நோய்

உருவம் குலையாத பெட்டியும் முழுதாகக் கவிழலாம். இதற்குத் திருப்புத்திறன் கணக்கு வேண்டும். விசை பெருக்கல் செங்குத்துத் தூரம், அவ்வளவுதான்.

எங்கள் அலமாரியின் எடை சுமார் 25 கிலோ. ஆழம் 60 செ.மீ. ஆகையால் அதன் எடை முன் விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே செயல்படுவதாகக் கொள்ளலாம். அதைக் கீழே நிறுத்தி வைக்கும் திருப்புத்திறன் 25 × 30 = 750. வைஸின் வாய் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதில் பிடித்த ஒரு நட்டைக் கழற்ற ஸ்பேனரை உங்கள் பக்கம் 10 கிலோ எடை விசையால் இழுக்கிறீர்கள். கவிழ்க்கும் திருப்புத்திறன் 10 × 100 = 1000. ஆயிரம் எழுநூற்றைம்பதை வென்றுவிடும். அலமாரி உங்கள் மேல் சாயும். வைஸின் எடை உதவாதா என்று கேட்கலாம். அது முன் விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தூரம் ஏறக்குறைய சுழி, திருப்புத்திறனும் சுழி.

கீழ்த் தட்டில் 20 கிலோ இரும்புச் சாமானை அடுக்குங்கள். இப்போது 45 × 30 = 1350. ஆயிரத்தை மிஞ்சிவிட்டது. ஆனால் துருப்பிடித்த நட்டு 10 கிலோவோடு நம்மை விட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே கொட்டகைச் சுவரில் இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டைகளால் பிணைத்துவிடுவதே நல்லது. சுவரை விட்டு வந்த அலமாரிக்கு இன்னொரு சுவரைக் காட்டிவிட வேண்டும். தரை வழுவழுப்பான டைல்ஸ் என்றால் கவிழ்வதற்கு முன்பே நழுவும். அதற்கும் இந்தப் பிணைப்பே மருந்து.

மேற்பலகை

30 செ.மீ. பிளாஸ்டிக் அடிக்கோலை மேசை ஓரத்தில் 20 செ.மீ. வெளியே நீட்டி வைத்து, மறுமுனையை அழுத்திப் பிடியுங்கள். நுனியில் இரண்டு நாணயங்களை ஒட்டி, எத்தனை மி.மீ. தாழ்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு 10 செ.மீ. மட்டும் நீட்டி அதே நாணயங்களோடு அளவுங்கள். தாழ்வு பாதியாகும் என்று எதிர்பார்ப்பீர்கள். அது எட்டில் ஒரு பங்காகும்! நுனிச் சுமையால் வரும் தாழ்வு நீளத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. தடிப்பின் மும்மடிக்கோ எதிர் விகிதத்தில் இருக்கிறது. அதே அடிக்கோலைத் தட்டையாக வைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நாணயங்கள் அதை அசைக்கவே மாட்டா.

பட்டறை மேசைக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. வைஸைப் பலகையின் நடுவில் வைக்காதீர்கள். பக்கப் பலகைக்கு நேர் மேலே வையுங்கள். அங்கே தாங்கலில்லாத நீளமே இல்லை. அடுத்து, கழற்றிய கதவுகளை எறிந்துவிடாதீர்கள். 18 மி.மீ. பலகையின் மேல் 18 மி.மீ. கதவைச் சும்மா வைத்தால் விறைப்பு இரண்டு மடங்காகும். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து 36 மி.மீ. பலகையாகவே ஆக்கிவிட்டால் எட்டு மடங்காகும். மரப்பசை பழுப்பு மரத்தில் நன்றாகப் பிடிக்கும். சன்மைக்கா முகத்தில் பிடிக்காது. அந்த முகத்தைச் சொரசொரப்பாக்கவும் முடியாவிட்டால், நெருக்கமாகத் திருகாணிகளை முடுக்குங்கள். அப்போது விறைப்பு இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் எங்கேயோ நிற்கும். அதுவும் லாபமே.

சன்மைக்காவைப் பற்றி ஒரு செய்தி. காகித அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்யும் இத்தகடு முதலில் சமையலறைக்காகப் பிறந்ததன்று. 1913-ல் அமெரிக்காவில் ஓகானர், ஃபேபர் என்ற இரு பொறியாளர்கள் மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படும் காப்புப் பொருளாக இதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்த ஃபார்மைக்கா என்ற பெயரே அதைச் சொல்கிறது. எனவே பழைய அலமாரியின் உலர்ந்த சன்மைக்காப் பரப்பில் டிரான்சிஸ்டர் சுற்றுகளைப் பரப்பி வேலை செய்வது, அதைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது போலத்தான். சூடான சால்டரிங் கோலை மட்டும் நேராக அதன்மேல் வைக்கக் கூடாது.

சென்னை வட்டாரத்தில் பல பழைய சமையலறைகளில் மேடை கடப்பைக் கல்லாக இருக்கும். பிரிக்கும்போது அது உடையாமல் வந்தால் விட்டுவிட மனம் வராது. 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிப்புள்ள கல்லின் கனஅளவு 14,400 க.செ.மீ. ஒரு க.செ.மீ.க்கு 2.7 கிராம் வைத்தால் எடை ஏறக்குறைய 39 கிலோ. அலமாரியை நிலைநிறுத்த இதைவிட நல்ல சுமை ஏது? ஆனால் கல்லின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல் அமுக்கத்தை வெகுவாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரு முனையில் மட்டும் தாங்கிய கல்லின் நடுவில் சுத்தியலால் அடித்தால் மேற்பரப்பு அமுங்கும், அடிப்பரப்பு இழுபடும். விரிசல் அடியில்தான் தொடங்கும். அடியில் முழுப் பலகை கொடுத்து, சுத்தியல் வேலையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உளி தீட்டவும், பசை போட்டு ஒட்டவும், சூடான பொருளை வைக்கவும் அது நல்ல பரப்பு.

கடப்பைக் கல் ஒரு சுண்ணாம்புக் கல் என்பது பலருக்குத் தெரியாது. உடைந்த துண்டின் மேல் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டு, உருப்பெருக்கியால் பாருங்கள். நுண்ணிய குமிழிகள் தோன்றும். கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. புளி சிந்திய இடத்தில் கல் பளபளப்பை இழந்து நிற்பது இதனால்தான். புளிக்கே இந்தக் கதி என்றால், பழைய பேட்டரியை இதன்மேல் வைத்துப் பழுது பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

2015 டிசம்பர் பெருமழையில் கூவம் கரையோரப் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மேற்குப் புறநகர்களில் பல தெருக்கள் நீரில் நின்றன. நீர் வடிந்தபின் சமையலறை அலமாரிகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு வீட்டில் அலமாரி கழுவித் துடைத்ததும் பழையபடி நின்றது. பக்கத்து வீட்டிலோ அடிப்பலகை ஊறிப்போன ரஸ்க் போலப் பொங்கி உதிர்ந்தது. வெளியே இரண்டும் ஒரே நிறச் சன்மைக்கா. வேறுபாடு உள்ளே.

பிளைவுட் என்பது மெல்லிய மரத் தோல்களை ஒன்றின் நார் மற்றதன் நாருக்குச் செங்குத்தாக வருமாறு ஒட்டிய அடுக்கு. மரம் நாரின் குறுக்கே நீரால் நன்கு உப்பும். நாரின் நீளவாக்கில் மிகச் சொற்பமே நீளும். ஒவ்வோர் அடுக்கும் அடுத்ததை உப்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது. பார்ட்டிகிள் போர்டு அப்படியன்று. மரச் சில்லுகளைப் பிசினோடு கலந்து வெப்பத்தில் நசுக்கிச் செய்தது. நீர் பட்டதும் நசுங்கிக் கிடந்த சில்லுகள் மூச்சு விடுகின்றன. பிசின் பிணைப்பு அறுகிறது. உலர்ந்த பிறகும் பழைய தடிப்புக்குத் திரும்புவதில்லை.

பள்ளியில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறதல்லவா? இரண்டு பலகைகளிலும் தீப்பெட்டி அளவுத் துண்டுகளை அறுத்துத் தடிப்பை அளந்து குறியுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவிட்டு மறுபடி அளவுங்கள். பிறகு ஒரு வாரம் நிழலில் உலர்த்தி மூன்றாவது முறை அளவுங்கள். மூன்றாவது அளவுதான் முக்கியமானது. கொட்டகைக்கு எந்தப் பெட்டி போகலாம், எது போகக் கூடாது என்று அதுவே சொல்லிவிடும். பிளைவுட்டின் மேல் முத்திரை தெரிந்தால் அதையும் படியுங்கள். ஐ.எஸ். 303 என்பதோடு எம்.ஆர். என்றிருந்தால் ஈரக்காற்றைத் தாங்கும் வகை, பி.டபிள்யூ.ஆர். என்றிருந்தால் கொதிநீர்ச் சோதனையையும் தாங்கும் வகை. ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

பார்ட்டிகிள் போர்டுதான் கிடைத்தது என்றால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தரையிலிருந்து நான்கு விரற்கடையாவது கல்லின் மேலோ பிளாஸ்டிக் காலின் மேலோ தூக்கி வையுங்கள். பழைய திருகாணித் துளையில் மறுபடி திருகாணி பிடிக்காது. குறுக்கே துளைத்து, இருபுறமும் அகன்ற வாஷர் வைத்துப் போல்ட் நட்டு போடுங்கள். விசை அதேதான், வாஷர் பரப்பைக் கூட்டுவதால் அழுத்தம் குறைகிறது. தட்டில் சுமையையும் குறைக்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு ஒரே சுமையின் கீழ் மாதக்கணக்கில் மெள்ள மெள்ளத் தொய்ந்துகொண்டே போகும். பருப்பு இருந்த டப்பாவில் ஆணியை நிரப்பி எடை போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று மடங்கு காட்டும். டப்பா அதேதான், தட்டுக்குத்தான் கஷ்டம்.

கெட்டி மர அலமாரியானால் விரலால் தட்டிப் பாருங்கள். தட்டினால் வெற்றொலி, அடியில் மஞ்சள் மாவு, ஓரத்தில் மண்குழாய் என்று எதைக் கண்டாலும் கொட்டகைக்குள் விடாதீர்கள். வண்டும் கரையானும் வீட்டுக்கு வீடு குடிபெயரும்.

அறுக்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பலகைகளின் பிசினிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடு, மரத்தூள் இரண்டையுமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியுள்ளது. பழைய எண்ணெய்ப் பெயின்ட் பூசிய மரத்தை உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூளில் ஈயம் இருக்கலாம்.

உயரமும் இடமும்

இந்தப் பெட்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழம், ஒரே உயரம் கொண்டிருப்பது தற்செயலன்று. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர வீட்டுத் திட்டத்துக்காக, ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையை முன்மாதிரியாகக் கொண்டு ஓர் அடக்கமான சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. அளவு வகுத்த அலமாரிகளை வரிசையாகப் பொருத்தும் வழக்கம் அங்கிருந்து பரவியது. வேலை செய்பவரின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வகுத்த சமையலறை என்பதால், அதைப் பட்டறைக்குக் கொண்டு போவது அத்தனை முரணானதன்று.

வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பழைய விதி. 160 செ.மீ. உயரமுள்ள மாணவருக்கு முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 100 செ.மீ. அலமாரி 85, வைஸ் 15, கூட்டிப் பாருங்கள்! உங்கள் உயரம் வேறானால் அடியில் கட்டை கொடுத்துச் சரிசெய்யலாம்.

கேஸ் சிலிண்டர் இருந்த இடத்தைப் பார்த்ததும் அதில் பெட்ரோல் கேனை வைக்கத் தோன்றும். தின்னர் டப்பாவையும் சேர்த்து. கூடாது. பெட்ரோல் சுழிக்கு 40 செல்சியஸ் பாகை கீழேயும் பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மூடிய அலமாரியின் அடித்தட்டில் தேங்கிக் கிடக்கும். மேலே நீங்கள் கிரைண்டரில் உளி தீட்டும்போது பறக்கும் பொறி ஒன்று கதவு இடுக்கில் விழுந்தால் போதும். அந்த இடத்தில் இப்போது நாங்கள் மரக் கட்டைத் துண்டுகளை அடுக்கியிருக்கிறோம்.

எங்கள் அலமாரிக்கு முதுகு வந்துவிட்டது, சுவரும் கிடைத்தது. மூன்று மாதமாக அதில் இழைப்பு நடக்கிறது. அதன் பக்கத்தில் இழுப்பறைப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. மேலறையில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. இப்போது அங்கே டிரில் பிட்டுகள் உள்ளன. இதை இன்னும் சுவரில் பிணைக்கவில்லை. பெட்டியின் கூடு மட்டும் 20 கிலோ. அதன் எடை முன் விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே செயல்படுகிறது. இழுப்பறைகள் மூன்று, கருவிகளோடு ஒவ்வொன்றும் 15 கிலோ. மூடியிருக்கும்போது அவற்றின் எடையும் 30 செ.மீ. உள்ளேதான். முழுதும் இழுத்தால் ஒவ்வொன்றின் எடையும் முன் விளிம்புக்கு வெளியே 20 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும். ஒன்றைத் திறந்தேன், நின்றது. இரண்டாவதையும் திறந்தேன், அப்போதும் நின்றது. மூன்றாவதை நான் தொடும் முன் நீங்கள் கணக்கைப் போட்டுவிடுங்கள்.